பயப்படுகிற நாளில் பஸ் ஏறுவது

கடிதம் (சுருக்கியிருக்கிறேன்): "மேடம், எனக்கு 41 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். கணவர் பெங்களூரில் கட்டட மேஸ்திரி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் எங்கள் பஸ்ஸின் பின்னால் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் வந்து மோதியது. எனக்குத் தோளில் மட்டும்தான் அடி. பின்சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் என் கண் முன்னாலேயே இறந்துபோனார். அதிலிருந்து சேலம் பஸ் ஏற முடியவில்லை, அப்புறம் தர்மபுரி பஸ்ஸும் முடியவில்லை, இப்போது பாலக்கோடு சந்தைக்குக்கூட யாரையாவது அனுப்புகிறேன். பேங்க் வரிசையில் நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சபையில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். சபையில் ஒரு அக்கா, 'பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று எழுதியிருக்கிறது, உனக்குப் பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம், உபவாசம் இரு' என்றார். மூன்று வெள்ளிக்கிழமை இருந்தேன், மயக்கம்தான் வந்தது. மகளுக்கு சேலத்தில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. நம்மால் போய்வர முடியாதே, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. நான் விசுவாசம் இல்லாதவளா?"

சகோதரி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சீட்டை விடாதீர்கள். உங்கள் பயத்துக்கு ஒரு வழி பார்க்கலாம், அதற்கு நாள் ஆகும், ஆனால் அட்மிஷன் தேதி நமக்காகக் காத்திருக்காது. அந்த ஒரு நாளைக்கு உங்கள் அண்ணனோ கணவரோ மகளைக் கூட்டிப்போகட்டும், இல்லையென்றால் நீங்களே மகளோடு ரயிலில் போங்கள், பாலக்கோட்டிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, தர்மபுரி, ஓமலூர் வழியாக சேலத்துக்கே பாதை போகிறது. இதில் தோல்வி ஒன்றும் இல்லை. பயத்தோடு போராடுவதற்கான நாளையும் இடத்தையும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், கல்லூரி ஆபீஸ் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. நான் 16 வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன், நானும் விசுவாசிதான். பயத்தால் வந்தவர்களைவிட, பயப்படுவது பாவமோ என்ற குற்ற உணர்ச்சியால் நொந்து வந்தவர்களைத்தான் நம் சபை மக்களில் அதிகம் பார்க்கிறேன். அந்த அக்கா சொன்ன வசனம் 1 யோவான் 4:18. அதை அப்படியே பிடுங்கி ஒருவர் தலையில் வைக்கக் கூடாது, முந்தின வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 17ஆம் வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசுகிறது. தேவன் என்னைத் தண்டித்துவிடுவாரோ, தள்ளிவிடுவாரோ என்ற பயத்தைத்தான் அன்பு வெளியே தள்ளும் என்கிறார் யோவான். லாரி வந்து இடித்ததைப் பார்த்த ஒரு பெண்ணுக்கு பஸ் சத்தம் கேட்டால் கை நடுங்குவதைப் பற்றி அந்த வசனத்தில் ஒன்றுமே இல்லை. சொல்லப்போனால், "உனக்கு விசுவாசம் இல்லை" என்று சொல்லி உங்களுக்கு உண்டாக்கிய பயம் இருக்கிறதே, அந்தப் பயத்தைத்தான் யோவான் வெளியே தள்ளச் சொல்கிறார்.

வேதத்தில் "பயப்படாதே" என்று 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட, மோசே இறந்த பிறகு ஜனங்களை நடத்த வேண்டியிருந்த யோசுவாவின் புத்தகத்தில் முதல் அதிகாரத்தை ஒரு தடவை பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். திடமனதாயிரு என்ற பேச்சு அந்த ஒரே அதிகாரத்தில் நான்கு தடவை வருகிறது, 6, 7, 9, 18ஆம் வசனங்களில். ஒருவனுக்குப் பயமே இல்லையென்றால் அதை எதற்கு நான்கு தடவை சொல்ல வேண்டும்? முதல் மூன்று தடவை தேவன் சொல்கிறார், நான்காவது தடவை ஜனங்கள் சொல்கிறார்கள். அந்த நான்காவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேவன் நேரில் பேசிய பிறகும், பக்கத்தில் இருக்கிற மனுஷர் வாயாலும் ஒரு தடவை கேட்க வேண்டிய தேவை யோசுவாவுக்கு இருந்திருக்கிறது. பவுலும் அப்படித்தான். கொரிந்து பட்டணத்தாருக்கு அவரே எழுதுகிறார், பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று. நடுக்கம் நிற்கட்டும், அப்புறம் போகலாம் என்று அவர் காத்திருந்திருந்தால் அந்த ஊருக்கே போயிருக்க மாட்டார்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் நெகேமியா. எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி வந்தபோது அவர் சூசான் அரண்மனையில் பெர்சிய ராஜாவுக்குப் பானம் கொடுக்கிற வேலையில் இருக்கிறார். செய்தி வந்தது கிஸ்லே மாதம், அவர் ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம், நம் கணக்குக்குச் சொன்னால் கார்த்திகை மார்கழி வாக்கில் கேட்டதைப் பங்குனி வாக்கில்தான் பேசுகிறார். நடுவில் நாலு மாதம், அழுகை, உபவாசம், ஜெபம். அப்புறம் ஒரு நாள் ராஜாவே கேட்டுவிடுகிறார், நீ துக்கமுகமாயிருக்கிறது என்ன என்று. அடுத்த வரியை நெகேமியா மறைக்காமல் எழுதுகிறார்: "அப்பொழுது நான் மிகவும் பயந்து". நாலு மாதம் ஜெபித்த மனுஷனுக்கு, பேச வேண்டிய நேரத்தில் பயம் போகவில்லை! பயந்துகொண்டே பேசுகிறார். என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதும், பதில் சொல்வதற்கு முன் அந்த இடைவெளியிலேயே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார். ராஜா எதிரில் நிற்கும்போது முழங்காலில் நின்று நீளமாகவா ஜெபித்திருக்க முடியும், ஒரு மூச்சு அளவு ஜெபம்தான். அப்புறம் கேட்கிறார் பாருங்கள், பொத்தாம்பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று கேட்கவில்லை, இத்தனை நாள் லீவு வேண்டும், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வனத்துக் காவலாளன் ஆசாப்பிடமிருந்து மரம் வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேட்கிறார். அந்த நாலு மாதத்தில் அவருக்குக் கிடைத்த தைரியம் அந்தப் பட்டியல்தான் என்று நான் நினைக்கிறேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் போட வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு தடவை உயிர் போகிற மாதிரி ஒன்று நடந்துவிட்டால் மூளை அந்தச் சத்தம், அந்த டீசல் வாசனை, அந்தக் குலுக்கல் எல்லாவற்றையும் அபாயம் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை அதில் ஒன்று வந்தாலும் போதும், அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், கை வேர்க்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும். இந்த அலை பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு, தானே இறங்க ஆரம்பிக்கும். ஆனால் நீங்கள் அது இறங்கும்வரை இருந்ததே இல்லை, உச்சியில் இருக்கும்போதே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டீர்கள். இறங்கியதும் அப்பாடா என்று இருந்திருக்கும், அந்த நிம்மதிதான் மூளைக்குத் தப்புப் பாடம், "பார், இறங்கியதால்தான் பிழைத்தாய்" என்று அது எழுதிக்கொள்கிறது. உங்கள் கடிதத்திலேயே வரிசை இருக்கிறது, சேலம் போயிற்று, தர்மபுரி போயிற்று, பாலக்கோடு சந்தை போயிற்று, பேங்க் போயிற்று, கடைசியில் சபையில் வேதத்தைத் திறந்து நிற்கிற இடமும் போயிற்று. ஒவ்வொன்றும் நிம்மதிக்காக நீங்கள் கொடுத்த விலை. போன வரிசைக்குத் தலைகீழாகத்தான் திரும்ப வாங்க வேண்டும், சின்னதிலிருந்து.

தொப்பூர் இறக்கத்தில் ஏன் இத்தனை விபத்து என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். டீசல் மிச்சமாகும் என்று சிலர் வண்டியை நியூட்ரலில் போட்டு இறக்குகிறார்கள், அப்புறம் பாரம் முழுக்க பிரேக்கின் மேல் விழுந்து சூடேறி, பிடிக்காமல் போய்விடுகிறது. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் சொல்வார், எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில்தான் இறங்கணும் மேடம், வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக் சும்மா தொட்டால் போதும் என்று. பயம் வரும்போது "பயப்படாதே பயப்படாதே" என்று மனசை அதட்டுவது பிரேக்கை மட்டும் மிதிக்கிற மாதிரி, கொஞ்ச நேரத்தில் சூடாகிவிடும். உங்களுக்கு கியர் மூச்சுதான். மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். சங்கீதம் 56:3 சின்ன வசனம்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." முதல் மூன்று வார்த்தை மூச்சை இழுக்கும்போது, கடைசி இரண்டு வார்த்தை விடும்போது. நான் வருடக்கணக்காக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் அந்த வசனம் பொய் சொல்லச் சொல்வதில்லை. பயப்படவில்லை என்று தாவீது சொல்லவே இல்லை, பயப்படுகிற நாள் என்று ஒன்று இருக்கிறதை ஒத்துக்கொண்டுதான் நம்புவேன் என்கிறார்.

இப்போது பட்டியல். ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் வாரம் பாலக்கோடு பஸ் நிலையத்துக்கு நடந்தோ ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தோ போங்கள், பஸ் ஏற வேண்டாம், அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பஸ் வருவதையும் போவதையும் பாருங்கள். ஆரம்பத்தில் பயம் பத்துக்கு எத்தனை, கிளம்பும்போது எத்தனை என்று எழுதுங்கள். தினமும். எண் பாதியாகக் குறையாமல் எழுந்திருக்கக் கூடாது, இது ஒன்றுதான் கண்டிப்பான விதி. அது சுலபமானதும், நிற்கிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு, கிளம்புவதற்கு முன் இறங்குங்கள். அப்புறம் ஒரு ஸ்டாப். அப்புறம் மூன்று ஸ்டாப். 2021லிருந்து அரசு டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இலவசம்தானே, அதனால் ஒரே நாளில் நாலு தடவை ஏறி இறங்கினாலும் காசு போகாது. அதற்குப் பிறகு தர்மபுரி. தொப்பூர் கடைசியில், அதுவும் முதல் தடவை பகலில், கூட ஒருவரோடு. எத்தனை வாரம் ஆகும் என்று கேட்காதீர்கள், உங்கள் நோட்டுதான் சொல்லும்.

கேட்க அற்பமாக இருக்கிறதா? ஒருமுறை ஒரு அம்மாவோடு நானே தர்மபுரி டவுன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. கொய்யாக்காய் விற்கிறவர் ஜன்னலைத் தட்டியதற்கே உடம்பு தூக்கிப்போட்டது. ஒன்பது என்று எழுதினார். நான் பேசவில்லை, அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து ஒரு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார், அப்புறம் கொய்யாக்காய்க்காரரைக் கூப்பிட்டு, "எவ்வளவுப்பா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. நோட்டில் நாலு என்று எழுதிவிட்டு, கையைக் காட்டினார், உள்ளங்கை முழுக்க துருக் கறை.

உபவாசம் பற்றி. நான் உபவாசத்துக்கு எதிரி இல்லை, நெகேமியாவும் இருந்தார். ஆனால் பயத்தில் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருக்கிற ஒருவர் மேல் இன்னொரு பட்டினியை ஏற்றுவது நல்லதல்ல. எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் அத்தனை பெரிய காரியம் பண்ணிவிட்டு, கொன்றுவிடுவேன் என்று யேசபேல் ராணி ஒரு செய்தி அனுப்பியதும் உயிருக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்றார். அவருக்கு தேவதூதன் என்ன கொடுத்தான், பிரசங்கமா? தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார், மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. தேவன் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம். நம் ஊரில் என்றால் இரண்டு உருண்டை களியும் கீரைக் குழம்பும் வைத்திருப்பான். பயிற்சிக்குப் போகிற நாளில் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், காபி மட்டும் வேண்டாம், அது படபடப்பைக் கூட்டும்.

இன்னொன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பயிற்சி ஆரம்பிக்கும் முன் ஒரு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கூடினாலும், ரத்தம் குறைவாக இருந்தாலும் நெஞ்சு படபடக்கும், மயக்கம் வரும், ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஈசிஜி எடுத்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அந்த விபத்து கனவில் வருகிறதா, திடீரென்று அங்கேயே இருக்கிற மாதிரி தோன்றுகிறதா, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுகிறதா, இதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இது வெறும் பஸ் பயம் இல்லை, விபத்தின் காயம் மனசில் ஆறாமல் இருக்கிறது, மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு அவர் மேற்பார்வையில்தான் இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம். அவர் மாத்திரை எழுதினால், இதற்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை தூக்க மாத்திரை அல்ல, வேலை செய்யவே இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அதுவரைக்கும் யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால் 14416க்கு போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்று பெயர், அரசாங்கத்துடையது, இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பெரியவரைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பெயர் தெரியாத ஒருவர் கண் முன்னால் இறந்ததற்கு நீங்கள் அழுதீர்களா? பலர் அழுவதில்லை, நம் சொந்தமா என்று அடக்கிவிடுகிறார்கள். நாம் பிழைத்து அவர் போய்விட்டாரே என்ற உறுத்தலும் சேர்ந்துகொள்ளும். உங்கள் கணவர் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை அவரிடம் ஒருமுறை சொல்லுங்கள், அவர் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும். அந்தப் பெரியவரின் குடும்பத்துக்காக ஜெபம் பண்ணுங்கள்.

நம் சபைகளில் தைரியம் என்றாலே மிஷனரிகள் கதையும் இரத்தசாட்சிகள் கதையும்தான் வரும், அதைக் கேட்டு பஸ் ஏற பயப்படுகிறவர் இன்னும் சிறுத்துப்போகிறார். 1895ல் கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷன் வேலையைத் தொடங்கிய தியோடர் நேதர், 1904ல் பிளேக் நோயில் இறந்தார். அந்தச் சாவைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தின ஒன்பது வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது, விடிந்தால் எழுந்து, வெயிலில் நடந்து, வேற்றுமொழியில் பேசி, ஜுரம் வந்தால் படுத்து, மறுபடி எழுந்த நாட்கள். உங்களுடைய நாட்களும் அந்த வகைதான். கணவர் பக்கத்தில் இல்லாமல் வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, இதை யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று இத்தனை நீளமாக எழுதியும் அனுப்பியிருக்கிறீர்கள்.

கடைசியாக, உபவாசம் இருக்கச் சொன்ன அந்த அக்கா. அவர் மேல் வருத்தம் வேண்டாம், தனக்குத் தெரிந்த வழியைத்தான் சொன்னார். அவரையே கூப்பிடுங்கள். "அக்கா, பஸ் ஸ்டாண்டில் என்னோடு அரை மணி நேரம் உட்கார வருவீர்களா?" என்று கேளுங்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூட்டிப்போய், என்னோடேகூட விழித்திருங்கள் என்று கேட்டார், அவர்கள் தூங்கிவிட்டது வேறு விஷயம், கேட்பதற்கு அவர் கூச்சப்படவில்லை. நம் அக்கா தூங்காமல் இருப்பார் என்று நம்புகிறேன். பாஸ்டரிடமும் போய், இந்த மாதம் வேதபாடத்துக்குப் பெரிய பகுதி வேண்டாம், 56ஆம் சங்கீதம் கொடுங்கள், 13 வசனம்தான், நான் வாசிக்கிறேன் என்று நீங்களாகவே சொல்லிவையுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நோட்டில் முதல் வாரத்து எண்களை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், மகள் எந்தத் தேதியில் சேலம் போகிறாள் என்பதையும் எழுதுங்கள்.